கோல்டு கீப்பர்

சங்கரபாண்டிக்கு மஸ்கட்டில் கோல்டு கீப்பர் வேலை என்று சங்கரன்கோவில் பூ மார்க்கெட் முழுக்கச் சொல்லி வைத்தவர் உச்சிமாகாளி. பனவடலிசத்திரத்தில் பையனுடைய அண்ணன் வாயிலிருந்து ஒரு தடவை காதில் விழுந்ததுதான். அதற்கு மேல் அவர் விசாரிக்கவில்லை. மஸ்கட் என்றால் தங்கம், தங்கம் என்றால் காவல் காக்க ஆள் வேண்டும், அந்த ஆள் நம்ம மாப்பிள்ளை. அரபி சேக்கு வீட்டுப் பெட்டகச் சாவியே அவன் இடுப்பில்தான் கிடக்கிறதாம் என்று தன் அண்ணன் நல்லக்கண்ணுவிடம் வந்து சொன்னார். அண்ணன் மகள் பேச்சித்தாய்க்குத்தான் அந்த மாப்பிள்ளை.

பேச்சித்தாய்க்கு எரிச்சலாக வந்தது. பி.ஏ., பி.எட். முடித்துப் பெண்கள் பள்ளியில் டீச்சராக இருப்பவள். அந்தக் குடும்பத்தில் காலேஜ் படியேறிய முதல் ஆள். முன்னால் பெண் பார்க்க வந்த இரண்டு பேரும் காப்பியைக் குடித்துவிட்டு, கல்யாணத்துக்கு அப்புறம் வேலைக்குப் போகக் கூடாது என்றார்கள். டம்ளரைக் கழுவும் முன்பே அவள் முடியாது என்று சொல்லிவிட்டாள். மூன்றாவதாக வந்த சங்கரபாண்டியிடம் அவளே கேட்டாள். எதுக்கு விடணும் என்று அவன் திருப்பிக் கேட்டான். அந்த ஒரு பதிலுக்குத்தான் தலையாட்டினாள். பெட்டகத்துக்காகத்தான் சம்மதித்தாள் என்று தெருவே பேசியதில் அவளுக்கு யார் மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை.

நிச்சயத்தன்று மாப்பிள்ளைக்கு மோதிரம் போட்டுவிட உச்சிமாகாளி முன்னால் வந்தார். மோதிரம் பாதி விரலில் நின்றுகொண்டது. கணு புடைத்து, நுனி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. திருகிப் பார்த்தார். எண்ணெய் தடவிப் பார்த்தார். பெண்கள் பக்கம், பையனுக்கு வாதமோ என்று குசுகுசுப்பு கிளம்பியது.

"விரலு என்ன மாப்ள இப்படிக் கோணிக் கெடக்கு?"

"பந்து பட்டது மாமா."

"என்ன பந்து?"

"நான் கோல் கீப்பர்லா. புட்பால்."

"அதத்தானே நானும் சொல்லுதேன், கோல்டு கீப்பர்னு" என்றவர், பாதிச் சிரிப்பில் நின்றார்.

சங்கரபாண்டி எதையும் மறைக்கவில்லை. கம்பெனி வேலைக்கு என்று போனவனை, வெள்ளிக்கிழமை விடுமுறை ஆட்டத்தில் பார்த்து ஒரு கிளப் சம்பளத்துக்கு எடுத்துக்கொண்டது. இப்போது அதுதான் முழுநேர வேலை. அரபியில் தனக்குத் தெரிந்ததெல்லாம் பந்தை விட்டால் ஜனங்கள் ஏசுகிற வசவுதான் என்றான். இதெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்றல்லவா நினைத்தேன் என்றான்.

இந்த வேலை எத்தனை வயது வரைக்கும் ஓடும் என்று நல்லக்கண்ணு கேட்டார். முட்டி தாங்கினால் முப்பத்தைந்து, அதற்கப்புறம் தெரியாது என்று பதில் வந்தது. பையனுடைய அண்ணன்காரன் அவன் தொடையில் கிள்ளியது எல்லாருக்கும் தெரிந்தது. நல்லக்கண்ணு தாம்பாளத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பந்து பொறுக்குகிறவனுக்குப் பெண் இல்லை என்றார்.

பேச்சித்தாய் உள்ளேயிருந்து வந்து நேராக அவன் எதிரே நின்றாள்.

"நெறைய கோல் விட்டிருக்கியளா?"

"விட்டிருக்கேன். தடுத்ததெல்லாம் மறந்துரும். விட்டது ஒறங்க விடாது."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தன்னைப் பற்றித் தானே ஒரு குறை சொன்ன மாப்பிள்ளையை அவள் அதுவரை பார்த்ததில்லை.

"அப்பா, ரெண்டு பேர வேண்டாம்னேன், பேசாம இருந்திய. இவர வேணும்னு சொல்லுதேன், இப்பவும் பேசாம இருங்க. எனக்கு அம்பத்தெட்டு வரைக்கும் வேல இருக்கு. முட்டி போனா இவரு சோறு பொங்கட்டும்."

"பொங்குவேன். அங்கனயும் நாந்தான பொங்குதேன்" என்றான் சங்கரபாண்டி.

"ஏட்டி, ஊரு சிரிக்குமே" என்றார் நல்லக்கண்ணு.

"பெட்டகந்தான் வேணும்னா சித்தப்பாவ ஒரு சேக்குக்குக் கட்டிக் குடுங்க."

ஊர் அங்கேயே சிரித்துவிட்டது. உச்சிமாகாளியும் சேர்ந்து சிரித்ததைப் பார்த்த பிறகு நல்லக்கண்ணுவால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள முடியவில்லை. தாம்பாளம் பழைய இடத்துக்கு நகர்ந்தது.

மோதிரத்துக்கு விரல் தேட ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு விரலும் ஒவ்வொரு மாதிரிக் கோணல். இது எந்த ஆட்டம், அது எந்த ஆட்டம் என்று பேச்சித்தாயே பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டாள். கடைசியில் இடது கைச் சுண்டுவிரல் மட்டும் இடம் கொடுத்தது.

மறுநாள் காலை பூ மார்க்கெட்டில், மாப்பிள்ளைக்குத் தங்கம் காக்கிற வேலை இல்லையாமே என்று ஒருவன் உச்சிமாகாளியை வாரினான். அவர் பிச்சிப்பூவை எடை போட்டபடி நிமிராமலே சொன்னார்.

"கோல் காக்காரு வே. அங்கன தங்கத்தவிட அதுக்குத்தான் காவல் கூட."