வலப்பக்கத்துப் பூ

என் அக்கா நித்யஸ்ரீக்கு மார்பில் புற்றுநோய். வயிற்றில் ஐந்து மாதக் குழந்தை. நோய்க்கு வைத்தியமும் பார்க்கலாம், குழந்தையையும் காப்பாற்றலாம் என்று கோயம்புத்தூர் டாக்டரம்மா சொல்லிவிட்டார். அது உண்மைதானா என்று நாங்கள் குலசாமியிடம் கேட்டுக்கொண்டிருக்கிறோம். சாமி இன்னும் பதில் சொல்லவில்லை.

கட்டி முதலில் கையில் தட்டுப்பட்டபோது, "பால் கட்டுதாட்ட இருக்குது அம்மிணி, இந்த நேரத்துல அப்புடித்தான்" என்று அக்காவின் மாமியார் கலைமகள் அத்தை வெந்நீர் ஒத்தடம் கொடுத்தார். பாசமான ஒத்தடம். கட்டி நன்றாக வளர்ந்தது.

டாக்டரம்மா தெளிவாகத்தான் சொன்னார். முதல் மூன்று மாதம் தாண்டிவிட்டது, இப்போது சில மருந்துகளைப் பெரிய பயமில்லாமல் ஏற்றலாம். பிரசவத்துக்குச் சில வாரம் முன்னால் நிறுத்திக்கொள்ளலாம். கரண்ட் வைப்பது, அதாவது கதிர்வீச்சு, மட்டும் குழந்தை பிறந்த பிறகு. "தள்ளிப் போடாதீங்க" என்பதை மட்டும் இரண்டு தடவை சொன்னார். அதுதான் யார் காதிலும் விழவில்லை.

அக்காவின் மாமனார் தங்கதுரை அவிநாசியில் நிட்டிங் கம்பெனி வைத்திருக்கிறார். உலகத்தில் நடப்பதெல்லாம் அவருக்கு ஆர்டர்தான். என்னிடமே கேட்டார்.

"பாதி ஆர்டர்ல யாராச்சும் மெஷினை நிறுத்துவாங்களா மாப்ள? மொதல்ல ஷிப்மெண்ட் போகோணும். அப்பறம் மெஷினுக்கு என்ன சர்வீஸோ பாத்துக்கலாம்."

ஷிப்மெண்ட் என்றது குழந்தையை. மெஷின் என்றது என் அக்காவை.

"மெஷின் எரிஞ்சு போச்சுன்னா ஷிப்மெண்ட் எப்புடீங்க மாமா போகும்?" என்று அக்கா கேட்டாள்.

"அபசகுனமாப் பேசாத கண்ணு" என்றார் அவர், உண்மையிலேயே வருத்தப்பட்டு.

மச்சான் சசிகுமார் தன் அப்பா முகத்தையும் அக்கா முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். ரொம்ப நல்லவர். அதைத் தவிர அவர் மேல் எனக்கு வேறு புகார் இல்லை. என் அப்பாவும் அம்மாவும், "கட்டிக் குடுத்த ஊட்டுல போயி நாம பேசறது மொறையில்லை" என்று எங்கள் வீட்டு சோபாவிலேயே உட்கார்ந்து முறையாக அழுதார்கள்.

கடைசியில் அத்தைதான் தீர்ப்பு சொன்னார். "அம்மன்கிட்டப் பூ கேட்டர்லாம். அவ உத்தரவு குடுத்தா ஏத்திக்கலாம்."

குலசாமி கோயில் பொங்கலூர் பக்கம், தென்னந்தோப்புக்கு நடுவில். பூ கேட்பது எளிய முறைதான். பூசாரி அம்மனின் இரண்டு தோளிலும் அரளிப் பூவை நனைத்து ஒட்டுவார். கேட்க வந்தவர்கள் கேள்வியை மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டு கண்ணை மூட வேண்டும். வாய்விட்டுச் சொல்லக் கூடாது. வலப்பக்கம் விழுந்தால் சரி. இடப்பக்கம் விழுந்தால் வேண்டாம்.

முதல் வெள்ளிக்கிழமை எதுவும் விழவில்லை. அடுத்த வெள்ளியும் விழவில்லை. பசை போட்டு ஒட்டினால்கூட அப்படி நிற்காது. ஒவ்வொரு வெள்ளியும் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுத் தேதியைத் தள்ளிவைத்தது நான்தான்.

"என்னப்பா காரணம்?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"பூ விழலீங்க மேடம்."

"வர்ற வெள்ளிக்கிழமை மத்தியானம் வரணும். பூவோட வந்தாலும் சரி, இல்லாம வந்தாலும் சரி" என்று வைத்துவிட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை, அம்மனுக்கு எதிரே இருந்த ஃபேனை லேசாக வலப்பக்கம் திருப்பி வைக்கலாம் என்ற திட்டத்தோடு போனேன். கரண்ட் இல்லை. மின்வாரியம்கூட மாமனார் கட்சி.

பூசாரி பூவை ஒட்டினார். எல்லோரும் கண்ணை மூடினோம். நான் பாதிதான் மூடினேன். அதனால் நன்றாகத் தெரிந்தது: வலது தோளிலிருந்த பூ மெதுவாக நழுவிக் கீழே விழுந்தது.

"உத்தரவாயிருச்சுங்க!" என்றார் பூசாரி.

அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாமனார் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான்கூடக் கும்பிட்டேன். மச்சான் கார் சாவியை எடுத்தார்.

"சாவியை எதுக்கு எடுக்கறே?" என்றார் மாமனார்.

"கோயம்புத்தூருக்குங்கப்பா. மருந்து ஏத்தலாமான்னு கேட்டேன், குடுத்துட்டாளே."

"நான் பிரசவம் வரைக்கும் பொறுக்கலாமான்னு கேட்டேன். எனக்குத்தான குடுத்தா?"

இருவரும் அத்தையைப் பார்த்தார்கள்.

"நான் கொழந்தை நல்லபடியாப் பொறக்குமான்னு கேட்டேனுங்க" என்றார் அத்தை, சின்னக் குரலில்.

ஒரே பூ. இந்தக் குழப்பம் வரும் என்று இத்தனை வெள்ளியில் ஒருவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் சேர்த்துத்தான். பூசாரி தலையைச் சொறிந்தார். "கேள்வி ஒண்ணா இருந்தாத்தானுங்க வாக்கு செல்லும். அடுத்த வெள்ளி எல்லாருமாப் பேசி வெச்சுக்கிட்டு வாங்க."

"அதுதான் சரி" என்றார் மாமனார்.

"யாரும் என்னைக் கேக்கலையே" என்றாள் அக்கா.

எல்லோரும் திரும்பினார்கள். அவள் தூணில் சாய்ந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"நீ என்ன கண்ணு கேட்டே?"

"நான் ஒண்ணும் கேக்கலீங்க மாமா. ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வர்றேன்னு சொன்னேன். பூ விழுந்துச்சு." மச்சான் பக்கம் கையை நீட்டினாள். "ஏனுங்க, சாவி."

மச்சான் அப்பாவைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். பிறகு சாவியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். "நீங்க முன்னால போங்க மாப்ள. நான் அப்பாகிட்டப் பேசீட்டு பின்னாலயே வந்தர்றேன்."

பின்னாலேயே வரவில்லை. பல்லடம் தாண்டும்வரை அக்கா கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தாள். அப்புறம் பார்ப்பதை விட்டுவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் குழந்தையின் நாடித்துடிப்பைப் பார்த்துவிட்டு ஊசி குத்தினார்கள். முதலில் ஏற்றிய மருந்து நல்ல சிவப்பு. சாயப்பட்டறையிலிருந்து நேராக வந்தது மாதிரி இருந்தது.

"ஷேடு ஓகேவாடா?" என்றாள் அக்கா.

"ஓகேக்கா. ஆனா கட்டி வளர்றதுக்கு முன்னாலயே வந்திருக்கோணும். டெலிவரி லேட்."

சிரித்தாள். சிரிக்கும்போதே அழுதாள். நான் சுவரில் ஒட்டியிருந்த கைகழுவும் படத்தை மனப்பாடம் செய்தேன்.

போன் அடித்தது. கலைமகள் அத்தை. அக்கா ஸ்பீக்கரில் போட்டாள்.

"கண்ணு, வர்ற வெள்ளிக்கு பூசாரிகிட்டச் சொல்லியாச்சு. உங்க மாமா கேள்வியவே எல்லாரும் கேக்கறதுன்னு முடிவு பண்ணியிருக்கறோம். அதுவரைக்கும் ஒண்ணும் ஏத்திக்காத சாமி."

அக்கா தன் கையில் இறங்கிக்கொண்டிருந்த சிவப்பைப் பார்த்தாள்.

"சரீங்கத்தை" என்றாள். "கேட்டுட்டு வந்து சொல்லுங்க."