சே-ஒர்குமாவின் அளவுக்கம்பம்

பெனுவே ஆறு இன்றைக்கு எத்தனை மீட்டர் உயரத்தில் ஓடுகிறது என்பது பேராசிரியர் டெர்கூருக்குக் காலை ஆறு மணிக்கே தெரிந்துவிடும். பதினான்கு வருடமாக ஒருநாள்கூடத் தவறியதில்லை. சே-ஒர்குமா கிராமத்தில் கெளுத்தி மீனைப் புகைபோட்டு விற்கும் இவெரென், துறையில் நட்டிருக்கும் அளவுக்கம்பத்தைப் பார்த்துப் போனில் எண்ணைச் சொல்வாள். அவர் நோட்டில் எழுதிக்கொள்வார். அவர் சட்டமன்ற உறுப்பினர் ஆன பிறகும் அந்தப் போன் நிற்கவில்லை. மாறியது ஒன்றே ஒன்றுதான். முன்பெல்லாம் "வாத்தியாரே" என்பாள், இப்போது "மாண்புமிகு" என்கிறாள். அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் அவருக்குச் சுருக்கென்று தைக்கும்.

சும்மா சொல்லக்கூடாது, ஒரு காலத்தில் அந்த ஊர் அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடியது. வாடகை மோட்டார் சைக்கிளில் முழங்கால்வரை சேற்றோடு வந்து இறங்குவார். முதலில் ஊர்க்காரர்களிடம் ஆற்றைப் பற்றி விசாரிப்பார், பிறகுதான் தன் கணக்கைச் சொல்வார். "கிழங்கை அக்கரை மேட்டுக்கு ஏத்துங்க" என்று அவர் சொல்லிவிட்டால் மறுபேச்சு கிடையாது. இரண்டு முறை வெள்ளம் வந்தது. ஒரு உயிர் போகவில்லை, ஒரு பெருவள்ளிக்கிழங்கு நனையவில்லை.

அப்படிப்பட்டவருக்கு அரசியல் எதற்கு? கரை கட்டச் சொல்லி அவர் எழுதிய அறிக்கைகள் தலைநகரத்து அலமாரிகளில் கரையானுக்குப் போயின. உள்ளே போனால்தான் வேலை நடக்கும் என்று நம்பினார். போன வருடம் செப்டம்பரில் இடைத்தேர்தல் வந்தது, கட்சித் தலைவர் அபேதா சீட்டுக் கொடுத்தார். அதுவரை எல்லாம் சரி. ஆனால் சே-ஒர்குமா எதிர் வேட்பாளருடைய தாய்வழிச் சொந்தக்காரர்களின் ஊர். அங்கே ஒரு ஓட்டுகூடத் தேறாது என்று எல்லோருக்கும் தெரியும்.

சனிக்கிழமை ஓட்டுப்பதிவு. அதற்கு நான்கு நாள் முன்பு அபேதா ஒலிப்பதிவுக் கருவியோடு வீட்டுக்கு வந்தார். வெள்ளம் வருமா என்று கேட்டார். ஐந்தில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது என்றார் டெர்கூர்.

"அப்ப நீங்க பொய் ஒண்ணும் சொல்லப்போறதில்லையே, புரொபசர்" என்றார் அபேதா. "அந்த அஞ்சுல ஒண்ணுங்கிறதை மட்டும் விட்டுட்டுப் பேசுங்க."

மனுஷர் விட்டுவிட்டார். இருபது வருடம் மாணவர்களுக்கு எதை விடாதே விடாதே என்று தொண்டை கிழியக் கத்தினாரோ, அதையே விட்டார். சனிக்கிழமை வெள்ளம் வருகிறது என்று ரேடியோ அவர் குரலில் மூன்று நாள் சொன்னது. கட்சி வீட்டுக்கு ஒரு அரிசி மூட்டையும் கொடுக்க, ஊர் மொத்தமும் அக்கரை மேடு ஏறியது. தேர்தலன்று எங்கள் நாட்டில் வண்டியும் ஓடாது, படகும் ஓடாது, சட்டம் அப்படி. இக்கரைப் பள்ளிக்கூடத்தில் ஓட்டுப்பெட்டி ஈயடித்துக்கொண்டு கிடந்தது. வெள்ளம் வரவில்லை, மழைதான் வந்தது. கூரையில்லாமல் குவித்த கிழங்கு விதைக்கிழங்கோடு சேர்ந்து அழுகிப்போனது. டெர்கூர் நானூற்றுப் பன்னிரண்டு ஓட்டில் ஜெயித்தார்.

இந்த வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை, எல்லைக்கு அப்பால் இருக்கும் மேலணையைத் திறந்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது. டெர்கூர் கணக்குப் போட்டார், மறுபடி போட்டார். வெள்ளிக்கிழமை காலை சே-ஒர்குமா தண்ணீருக்குள் போய்விடும். இந்தத் தடவை ஐந்தில் ஐந்து. ஆனால் சனிக்கிழமை உள்ளாட்சித் தேர்தல். மறுபடியும் தேர்தல் தந்திரம் என்றுதான் ஊர் நினைக்கும்.

புதன்கிழமை அந்த ஊருக்குப் போனார். முன்னால் போலீஸ் வண்டி சைரன் போட்டது, வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை. ஊர் அவருக்கு மரியாதையில் குறை வைக்கவில்லை. கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட துணியைத் தோளில் போர்த்தினார்கள், கோலாக்கொட்டை வைத்தார்கள். வெள்ளம் வருகிறது என்று அவர் சொன்னதும் கூட்டத்தில் ஒரு சிரிப்பு ஓடியது. இந்தத் தடவை அரிசி மூட்டை இல்லையா என்று ஒருவன் கேட்டான்.

அப்போதுதான் டெர்கூர் அந்தக் காரியத்தைச் செய்தார். போட்ட துணியை மடித்து வைத்துவிட்டு, போன வருடம் தான் சொன்னது பொய் என்று எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொண்டார். உண்மையைச் சொன்னால் நம்பிவிடுவார்கள் என்று நினைத்தார், பாவம். எத்தனை படித்து என்ன?

கூட்டத்திலிருந்து இவெரென்தான் எழுந்தாள்.

"அன்னிக்குச் சொன்னது பொய், இன்னிக்குச் சொல்றது நிஜம்ங்கிறீங்க. ரெண்டும் இதே வாயிலருந்துதானே வருது, மாண்புமிகு? நாங்க எதை வச்சுப் பிரிச்சுப் பாக்கறது?"

கூட்டம் கலைந்ததும் டெர்கூர் அவளைத் தனியே பிடித்து, நீயாவது பிள்ளைகளோடு மேடு ஏறிவிடு என்று கெஞ்சினார். அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை.

"தண்ணி ஏறுது, எனக்கும் தெரியுது. வருஷா வருஷம் ஏறுது, ஒன்பதுல நிக்குது. நான் தினமும் சொல்ற நம்பர் என் கண்ணால பாக்கறது. நீங்க சொல்றது அப்படியா? சனிக்கிழமை ஓட்டைப் போட்டுட்டு ஏறிக்கறோம்."

அங்கிருந்து நேரே அபேதாவிடம் போனார். போலீஸையும் படகையும் அனுப்பி ஊரைத் தூக்குங்கள் என்றார். அபேதா வாய்விட்டுச் சிரித்தார். அந்த ஆளும் நம்பவில்லை!

"போன தடவை பண்ணதே போதும், புரொபசர். இந்தத் தடவை அந்த ஊர் ஓட்டைத் தடுக்கவேண்டிய தேவை நமக்கு இல்ல. தேர்தலுக்கு முன்னாடி ஒரு ஆளைத் தொட்டா கோர்ட்ல நம்மளைக் கிழிச்சுடுவாங்க."

வியாழன் காலை இவெரென் ஒன்பது புள்ளி நான்கு என்றாள். சாயங்காலம், வழக்கமில்லாத வழக்கமாக, அவளே மறுபடி கூப்பிட்டுப் பத்து புள்ளி ஏழு என்றாள். இப்போதாவது ஏறுங்கள் என்று கத்தினார். ஊர்த்தலைவரிடம் சொல்லிப் பார்க்கிறேன் என்று வைத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை விடியும்போது டெர்கூர் நகரத்துப் படகுத்துறையில் நின்றார். கையில் காலில் விழுந்து ஆறு மீன்படகுகளைச் சேர்த்திருந்தார். ஆற்றுக்காவல் அதிகாரி படகுகளைச் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டார். நாளை தேர்தல், இன்றிலிருந்தே படகு ஓடக்கூடாது, மேலிடத்துக் கடிதம் வேண்டும் என்றார். டெர்கூர் சட்டமன்ற அடையாள அட்டையைக் காட்டினார். அதிகாரி சல்யூட் அடித்தார், பூட்டைத் திறக்கவில்லை. எதிர்க்கட்சி ஊருக்கு முந்தின நாள் படகு போவது எதற்கு என்று தனக்கும் தெரியும் என்று மெல்லச் சொன்னார். அபேதா போனை எடுக்கவில்லை. ஆறு அவர்கள் காலடியில் செம்மண் நிறத்தில், வேலிக்கம்புகளையும் ஒரு கூரையையும் இழுத்துக்கொண்டு போனது.

சரியாக ஆறு மணிக்குப் போன் அடித்தது. பழக்கதோஷம், அவர் கை தானாக நோட்டைத் திறந்து பேனாவை எடுத்தது. போனுக்குள் முதலில் தண்ணீர்ச் சத்தம், பிறகு குழந்தைகளின் அழுகை, அதற்குப் பிறகுதான் அவள் குரல்.

"வாத்தியாரே" என்றாள் இவெரென். ஒரு வருடம் கழித்து அப்படிக் கூப்பிட்டாள். "மாமரத்து மேல இருக்கோம். பன்னண்டு மீட்டர் வரைக்கும் பாத்தேன். இப்ப கம்பத்தோட தலையே தெரியல. இனி நான் எதைப் பாத்து உங்களுக்குச் சொல்லட்டும்?"