சத்தம் போடாத வீடு

றோலண்ட் கிளினிக்கிலிருந்து வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் பழைய ரேடியோவை எடுத்துத் துடைத்தான். எந்த ஸ்டேஷனிலும் நிறுத்தாமல் இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவில் முள்ளை வைத்தான். உஸ்ஸென்று வீடு முழுக்க இரைச்சல். அவன் மனைவி பவுலின் அடுப்படியிலிருந்து ஓடிவந்து அணைக்கப் போனாள்.

"இருக்கட்டும். வடிவக்கா போடச் சொன்னாங்க."

எந்த வடிவக்கா? கிளினிக்கில் நம்பர் எடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தபோது பக்கத்தில் இருந்தவளாம், சண்முகவடிவு. பொகவந்தலாவைப் பக்கம் தேயிலைத்தூள் தயாரிக்கும் ஒரு ஸ்டோரில் வேலை செய்தவளாம். அவளுக்கும் இவனைப் போலவே காதுக்குள் ஓயாத இரைச்சலாம். சுற்றிலும் அமைதியாக இருந்தால்தான் அது கூடுமாம், ஏதாவது மெல்லிய சத்தம் இருந்தால் அமுங்குமாம். டாக்டரும் அதையேதான் சொன்னாராம்.

பவுலினுக்கு வயிறு எரிந்தது. எரியாமல் என்ன செய்யும்? பத்தொன்பது வருடம் ஸ்டோரில் கொழுந்து அரைக்கும் மெசினுக்குப் பக்கத்தில் நின்று அவன் காது கெட்டுப்போனது. அன்றிலிருந்து இரண்டு வருடமாக தோட்டத்து லய வரிசையில் இருந்த அந்த வீட்டில் சத்தம் என்பதையே அவள் ஒழித்திருந்தாள். டிவியை அக்கா வீட்டுக்குக் கொடுத்தாள். சேவலைக் குழம்பு வைத்தாள். மகள் கேத்ரின் பாடம் படித்தால் உதடு மட்டும்தான் அசைய வேண்டும். பக்கத்து வீட்டில் மேளம் அடித்தார்கள் என்று போய்ச் சண்டை போட்டு, இன்றுவரை அவர்களோடு பேச்சில்லை. செபம்கூட மனசுக்குள்தான். இத்தனையும் செய்தவள் இவள். பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து எழுந்து போனவள் மகராசி ஆகிவிட்டாள்.

பிறகு போன் வேறு. ஸ்டோரில் வேலை இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் வடிவக்காவை அவனே கூப்பிடுவான். இன்றைக்கு வண்டு மாதிரியா, விசில் மாதிரியா என்று இருவரும் ஒப்பிட்டுக்கொள்வார்கள். நடுவில் சிரிப்பும் கேட்கும். இவள் விசாரித்தால் மட்டும், பரவாயில்லை என்று ஒரே வார்த்தை. தனக்கும் இரையக்கூடாதா என்று பவுலின் ஒருநாள் காதைப் பொத்திப் பார்த்தாள். ஏதோ கும்மென்றது, கையை எடுத்ததும் போய்விட்டது. தன் காது இவ்வளவு நன்றாக இருப்பதை நினைத்து அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது.

அடுத்த கிளினிக்குக்கு வேலைக்கு லீவு போட்டு, இருப்பதிலேயே நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு அவளும் கிளம்பினாள். அங்கே பெஞ்சில் இருந்த வடிவக்காவுக்கு அறுபது வயதாவது இருக்கும். வீங்கிய கால்கள், முன்பல் இரண்டு இல்லை. அட கடவுளே, இதுக்கா இத்தனை நாள் வெந்தோம் என்று நினைத்தாள். நினைத்த பிறகும் வேக்காடு தணியவில்லை. இளவயசுக்காரி என்றால் சண்டையாவது போடலாம்.

றோலண்ட் டாக்டரிடம் உள்ளே போனதும் கிழவி நெருங்கி உட்கார்ந்தாள்.

"தங்கச்சி, இப்பயும் அவருக்கு அந்த நெனப்பு வருதா?"

"என்ன நெனப்பு?"

கிழவி டாக்டரின் கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"ஒங்களுக்குத் தெரியும்னுல்ல இருந்தேன். செத்துட்டா இது நிக்கும்லங்கிற நெனப்பு. எனக்கும் வந்ததுதான், அதான் மொத நாளே கேட்டேன். ஆமான்னாரு. மறைக்காம டாக்டர்கிட்ட சொல்லுங்கன்னு நாந்தான் உள்ள அனுப்புனேன். மாத்திர குடுத்தாங்கள்ல."

அந்த மாத்திரை காதுக்கு என்றுதான் அவன் சொல்லியிருந்தான். இத்தனை நாளும் பவுலின் அவனோடு ஒரே பாயில் படுத்து எழுந்திருக்கிறாள். இவளிடம் போய்க் கேட்கக் கூடாது என்றுதான் நினைத்தாள், ஆனால் வாய் கேட்டுவிட்டது.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"கேட்டேன். எனக்காக வீட்டையே ஊமையாக்கி வச்சிருக்கா, அதுக்குள்ள இத எப்படிச் சொல்றதுன்னாரு."

இந்தக் கிழவிதான் அவனை உயிரோடு திருப்பி அனுப்பியவள். கையெடுத்துக் கும்பிட வேண்டும். பவுலினுக்குக் கை எழவில்லை. இப்போதும் பொறாமையாகத்தான் இருந்தது, முன்னைவிடவும் அதிகமாக. அந்தச் சொல்லை அவன் வாயிலிருந்து முதலில் கேட்டிருக்க வேண்டியவள் அவள்.

கதவு திறந்தது. றோலண்ட் கிளினிக் புத்தகத்தோடு வெளியே வந்து, பெஞ்சில் பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு பேரின் முகத்தையும் பார்த்தான். பவுலினுக்கு அடிவயிற்றிலிருந்து அழுகை கிளம்பியது. வாயைப் பொத்தப் போன கையை அவளே இறக்கிவிட்டு ஓவென்று அழுதாள். நம்பர் கூப்பிடுகிறவர் நிறுத்தினார். ஹாலில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். றோலண்ட் நின்ற இடத்திலேயே நின்றான். அவன் காதைப் பொத்திக்கொள்ளவில்லை.