மாடி அறையின் நீலப் படுதாக்கள்

ராசாங்கம் பர்மாவிலிருந்து உடையார்பாளையத்துக்குத் திரும்பியது நாற்பத்தாறாம் வருஷம் மாசி மாதத்தில். பட்டாளத்தில் லாரி ஓட்டியவன். பெட்ரோல் பீப்பாய் வெடித்ததில் உயிர் தப்பியது, கண் பழுதாகிவிட்டது. பார்வை இருந்தது. ஆனால் வெளிச்சம் பட்டால் ஊசி குத்துவதுபோல் வலித்து நீராகக் கொட்டியது. ஆறு மாதத்துக்குக் கண் கூசாமல் பார்த்துக்கொண்டால் மெல்லத் தெளிந்துவிடும் என்று திருச்சி டாக்டர் சொல்லியனுப்பினார்.

அம்மா கலியம்மாள் அவனை மாடி அறையில் படுக்கவைத்து மூன்று சன்னல் கதவுகளையும் சாத்திவிட்டாள். மேற்குப் பார்த்த அறை. பங்குனியில் சூளையாகக் காய்ந்தது. அந்த மாதம் நான்காம் நாள், சோறு கொண்டுபோன மனைவி குஞ்சம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"குஞ்சு, கதவைத் தொறந்துவுடு. இருட்டுல கெடந்தா பதுங்குகுழியிலயே இருக்கற மாதிரி இருக்கு. கண்ணு போனாலும் போவுது."

அன்று மத்தியானம் அவள் அவன் கண்ணைத் துணியால் கட்டிவிட்டு, ஒவ்வொரு சன்னலாகத் திறந்து, வெயில் எங்கே விழுகிறது, எப்போது நகர்கிறது என்று பார்த்துத் தரையில் கரிக்கோடு போட்டாள். கட்டிலில் படுத்தும் பார்த்தாள். கண்ணைக் குத்தியது சன்னலின் மேல்பாதியில் தெரிந்த வானம்தான். கீழ்ப்பாதி வெளிச்சம் தரையோடு போனது. மேலே அடர்த்தியாகவும் கீழே லேசாகவும் துணி தொங்கினால் காற்றும் வரும், கண்ணும் கூசாது.

துணிக்குத்தான் பஞ்சம். ரேஷன் கார்டுக்குக் கிடைத்த மில் துணி உடம்பை மறைக்கவே போதவில்லை. அவள் வண்டி கட்டிக்கொண்டு ஜெயங்கொண்டம் போனாள். நெசவாளர் கண்ணையன் வீட்டுப் பரணில் சாயம் பிசகிய நூலில் நெய்த நீலத்துணி சுருட்டிக் கிடந்தது. ஒரு பக்கம் கருநீலம். போகப்போக வெளுத்து, மறுபக்கம் வானத்து நிறம்.

"இத யாரு கட்டுவாங்கன்னு போட்டு வச்சிருக்கேன். ஒனக்கு எதுக்கும்மா?" என்றார் கண்ணையன்.

"எனக்கு இதுதாங்க வேணும். இப்படியே வேணும்."

ஒரு மூட்டை நிலக்கடலைக்கு அத்தனையையும் கொடுத்தார்.

தைக்கத் தொடங்கியதும் மாமியார் வாயைத் திறந்தாள். "வூடா, கூத்துக் கொட்டகையா? பாக்கறவ சிரிக்க மாட்டா?"

"சிரிச்சா சிரிக்கட்டும் அத்தை. அவரு கண்ணைத் தொறக்கணும்."

முதலில் தைத்ததைச் சன்னல் அளவுக்கே வெட்டி மாட்டினாள். காயப்போட்ட சேலை மாதிரி தட்டையாகத் தொங்கியது. காற்றடித்ததும் பறந்து, வெயில் உள்ளே பாய்ந்தது. கண்கட்டை விலக்கிப் பார்த்த ராசாங்கம் முகத்தைத் தலையணையில் புதைத்துக்கொண்டான். அவளுக்கு அழுகை வந்தது. ஆனாலும் அவிழ்த்து எடுத்துக்கொண்டு கீழே போனாள்.

மறுபடி யோசித்தாள். துணியை இரண்டு பங்கு அகலமாக்கி, நெருக்கமாக மடிப்பு வைத்தாள். கீழ் ஓரத்தை மடித்து உள்ளே புளியங்கொட்டைகளை வரிசையாக வைத்துத் தைத்தாள். அந்தக் கனத்தில் துணி நேராக நின்றது. வீடு கட்டியபோதே கொத்தனார் நடுச் சன்னலை ஒரு சாண் தாழ்த்தி வைத்துவிட்டிருந்தார். கட்டிய நாள் முதல் அது அறைக்கே ஒரு கோணல். அவள் சன்னலைப் பார்த்துக் கழி கட்டவில்லை. சுவருக்குச் சுவர் ஒரே மூங்கிலை உத்தரத்தை ஒட்டிக் கட்டி, மூன்றையும் தரைவரை தொங்கவிட்டாள். கோணல் எங்கே என்று தெரியாமல் போயிற்று. அடியில், ராசாங்கத்தின் பார்வை முதலில் படும் இடத்தில், மாம்பழ மஞ்சளில் நான்கு விரல் கரை வைத்தாள்.

மாட்டி முடித்துச் சன்னல் கதவுகளைத் திறந்தபோது மணி நான்கு. உச்சத்தில் கருநீலம், இறங்க இறங்க வெளுப்பு, தரையில் தண்ணீர் தேங்கியதுபோல் ஒரு வெளிச்சம். காற்றில் மடிப்புகள் அசைந்தன, விலகவில்லை.

"கட்டை அவுக்கட்டுங்களா?"

"அவுத்துடு."

கண்ணின்மேல் இருந்த துணிக்கட்டை எடுத்தாள். அவன் இமைகள் துடித்தன. மெல்லத் திறந்தான். நீர் வரவில்லை. நெடுநேரம் கீழேயே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மஞ்சக் கரை," என்றான். பிறகு கண்ணை உயர்த்தினான். "நீ எளச்சுட்ட, குஞ்சு."

வந்த நாளிலிருந்து அவன் அவள் முகத்தைப் பார்த்தது அப்போதுதான். அவள் சிரித்தாள். அடக்க நினைத்தும் முடியவில்லை.

வாசற்படியில் நின்ற கலியம்மாள் அறைக்குள் வந்து ஒரு மடிப்பை விரலால் தொட்டுப்பார்த்தாள். மறுநாளிலிருந்து வருகிறவர்களை எல்லாம் அவளே மாடிக்குக் கூட்டிப்போனாள்.

ஆனி மாதம் அரியலூரிலிருந்து உறவுக்காரி புஷ்பவல்லி மகனின் கல்யாணத்துக்கு அழைக்க வந்தாள். வசதியான வீட்டுக்காரி. ராசாங்கம் கட்டிலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். அவள் அவனை விசாரிக்க மறந்து படுதாவையே பார்த்தாள்.

"திருச்சியில வாங்குனதா?"

"எந்தக் கடையிலயும் கெடைக்காது. எம் மருமவ யோசனை பண்ணித் தச்சது," என்றாள் கலியம்மாள்.

புஷ்பவல்லி குஞ்சம்மாளைத் திரும்பிப் பார்த்தாள். "மாப்பிள்ளை பொண்ணு தங்கறதுக்கு ஒரு அறை கட்டியிருக்கோம். இதே மாதிரி எங்களுக்கும் தச்சுத் தருவியா?"

குஞ்சம்மாள் தலையைக் குனியவில்லை.

"இதே மாதிரி ஆகாதுங்க அக்கா. இது இந்த அறைக்கு, இவரு கண்ணுக்கு. நான் வந்து பார்க்கறேன். ஒங்க வூட்டு சன்னல்ல வெயில் எந்தப் பக்கம் விழுது, சொல்லுங்க."