பன்னிரண்டாம் எண்

மூன்று மணிக்குக் கூட்டம். இரண்டேகாலுக்குத்தான் அட்டவணை ஏழு அவள் மேசைக்கு வந்தது.

பயணிகள் கணக்கெடுப்பு அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் தசமம். புள்ளிக்குப் பிந்தைய எண்ணைக்கூட விடமாட்டாள் என்று யாரோ கிண்டலாக வைத்தது, ஒட்டிக்கொண்டது. அச்சுக்குப் போகும் எந்த அட்டவணையும் அவள் கையெழுத்தில்லாமல் நகராது. இதுவும் ஒரு கையெழுத்துக்குத்தான் காத்திருந்தது. போட்டுவிட்டால் காலை ஆறு மணிப் படகு நின்றுவிடும்.

அட்டவணை அதைத்தான் சொன்னது. ஆறு மணிப் படகில் மருத்துவத்துக்காகப் போகிறவர்கள் 3.0 சதவீதம். அவசரமில்லாத மற்றவர்கள் ஒன்பது மணிப் படகில் போய்க்கொள்ளலாம். ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுப்பது ஏழரைக்கு முடிந்துவிடும் என்பது அட்டவணையில் இல்லை.

தசமம் சதவீதத்தை முதலில் பார்ப்பதில்லை. எத்தனை பேரை வைத்துப் போட்ட சதவீதம் என்று அடிவரிக்குப் போவாள். போனாள். பதில் சொன்னவர்கள் 201. அந்த மூன்று சதவீதம் என்பது மொத்தமே ஆறு பேர். அதற்குக் கீழே, கண்ணுக்குத் தெரியாத பொடி எழுத்தில், மறுத்தவர்கள் 139.

கேட்கப்போன 340 பேரில் 139 பேர் வாயே திறக்கவில்லை. நூற்றுக்கு நாற்பத்தொன்று. மற்ற படகுகளில் நூற்றுக்கு ஐந்து பேர்கூட மறுக்கவில்லை. விடியற்காலையில் மட்டும் ஊரே ஊமையாகிவிடுமா?

படிவக் கட்டைப் பிரித்தாள். மறுத்தவர்கள் அத்தனை பேரையும் குறித்திருந்தது ஒரே களப்பணியாளர். எண் பன்னிரண்டு. அவளுடைய நாத்தனார்.

போனை எடுத்தாள்.

"சொல்லுங்க அண்ணி. துணி அலசிட்டிருக்கேன்."

"காலைப் படகுல நூத்தி முப்பத்தொன்பது பேர் உன்கிட்ட பேச மாட்டேன்னுட்டாங்களா? நீ செவுத்தையே பேச வைப்பியேம்மா."

குழாய் நின்றது.

"அவங்க மறுக்கல அண்ணி. நான் கேக்கவே இல்ல."

"ஏன்?"

"ஸ்கேன் கவரை மடியில வெச்சுக்கிட்டு முகம் செத்துப்போய் உக்காந்திருக்கிற மனுஷன்கிட்ட போய், 'உங்கள் பயணத்தின் முதன்மை நோக்கம் என்ன'ன்னு கேப்பீங்களா நீங்க? பார்த்தாலே தெரியுது. மறுத்தார்னு டிக் போட்டுட்டு நகர்ந்துட்டேன்."

"நீ நகர்ந்துட்ட. இப்ப அவங்க படகு நிக்கப்போகுது."

மறுமுனையில் வாளியைத் தள்ளிவைக்கும் சத்தம்.

"மாத்தி எழுதினா அடுத்த தடவை என்னைக் கூப்பிட மாட்டாங்க. தெரியும்ல?"

"தெரியும்."

"அண்ணனுக்கு?"

"சாயங்காலம் தெரிஞ்சுடும்."

போன் வைக்கப்பட்டது.

கூட்டத்துக்குக் கிளம்ப இயக்குநர் கோட்டை மாட்டிக்கொண்டிருந்தார். அவள் நீட்டிய தாளை நின்றபடியே பார்த்தார்.

"கீழ ஒரு குறிப்பு போட்டு விட்டுடும்மா."

"குறிப்பை யாரு சார் படிப்பா?"

"அதுக்குத்தான் சொல்றேன்." சிரித்தார். அவள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினார். "யாரு அந்தப் பன்னிரண்டு?"

"என் நாத்தனார் சார்."

அவர் ஒரு கையை மட்டும் கோட்டுக்குள் விட்டபடி நின்றார். "சொல்லாம இருந்திருக்கலாமே நீ."

"நூத்தி முப்பத்தொன்பது பேர் ஏற்கெனவே சொல்லாமத்தான் சார் இருக்காங்க."

மூன்று நாள் கொடுத்தார். பன்னிரண்டாம் எண்ணைப் பட்டியலில் அடித்துவிட்டார். படகுத்துறைக்கு அவளே போய்க் கேட்டு வரவேண்டும் என்றார். அன்று இரவு வீட்டில் கணவன் சாப்பிட்டுவிட்டு, தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, பாயைக் கூடத்தில் விரித்துப் படுத்தான்.

மறுநாள் ஐந்தரைக்குத் துறையில் இருந்தாள். அட்டையில் செருகிய படிவம், புதுப் பேனா. வேலைக்குப் போகிறவர்கள் நடந்துகொண்டே பதில் சொன்னார்கள். பத்து நிமிடத்தில் பதினொரு படிவம். பிறகு கடைசி பெஞ்சு. ஒரு நடுவயதுக்காரர், மடியில் பெரிய பழுப்புக் கவர். காற்றில் பறந்துவிடும் என்பதுபோல் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தார்.

தசமம் அவர் முன்னால் போய் நின்றாள். முதல் கேள்வி படிவத்தில் தெளிவாகத்தான் அச்சாகியிருந்தது. அதை எழுதியதே அவள்தான். கேட்க வாய் வரவில்லை. அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதுபோல் குனிந்தாள். பேனா, மறுத்தார் என்ற கட்டத்துக்கு மேலே தானாகப் போய் நின்றிருந்தது.

பின்னால் செருப்புச் சத்தம். நாத்தனார். எண் அட்டை இல்லாத கழுத்து. அண்ணியின் முகத்தைப் பார்க்கவில்லை; கையிலிருந்த படிவத்தையும் பேனாவையும் மட்டும் வாங்கிக்கொண்டாள்.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்கண்ணே," என்றாள் அவரிடம். "யாருக்கு உடம்பு சரியில்ல?"

அவர் கவரைத் தூக்கி மறுபக்கத்தில் வைத்துக்கொண்டு, பெஞ்சில் இடம் விட்டார். தூரத்தில் ஆறு மணிப் படகு விளக்கை அணைக்காமலே வந்துகொண்டிருந்தது.