கூட வந்தவர்

ஆஸ்பத்திரிப் படிவத்தில் ‘கூட வந்திருப்பவர்’ என்ற இடத்தில் அவர் மனைவியின் பெயரை எழுதியிருந்தார். மாடியில், பெண்கள் வார்டில், மனைவி அதே இடத்தில் அவர் பெயரை எழுதியிருந்தாள்.

“சார், ரெண்டு பேருக்கும் இன்னைக்கு மயக்க மருந்து,” என்றாள் நர்ஸ், இரண்டு தாளையும் மாறி மாறிப் பார்த்தபடி. “ரெண்டு பேரும் படுத்துட்டா யாருக்கு யார் கையெழுத்துப் போடுறது?”

பதினோரு வருஷமாகப் பேருந்து ஓட்டுகிற மனிதர், இரண்டு தாளையும் எட்டிப் பார்த்தார். வேறு யாருக்கும் அவர்கள் விஷயத்தைச் சொல்லவில்லை. அவர் விந்தில் உயிரணுவே இல்லை. விரைக்குள் எங்காவது ஒன்றிரண்டு ஒளிந்திருக்கலாம், திறந்து தேடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கிடைத்தால், அன்றே எடுக்கும் மனைவியின் கருமுட்டையோடு சேர்ப்பார்கள். கிடைக்காவிட்டால், இன்னொரு தடவை திறக்கலாம் என்று ஆசை காட்டமாட்டேன் என்றும் சொல்லிவிட்டார்.

“பத்து மணிக்குள்ள யாரையாவது வரச் சொல்லுங்க. உங்க வீட்டம்மாவுக்கு முட்டை முதிர ஊசி போட்டாச்சு, தள்ளிப்போட முடியாது,” என்றாள் நர்ஸ்.

கூடப் பிறந்த அண்ணனைக் கூப்பிட்டால் அண்ணிக்குத் தெரியும். அப்புறம் வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்த கதைதான். கடைசியில் தன் பேருந்தின் கண்டக்டரைக் கூப்பிட்டார். டிப்போவில் குடலிறக்கம் என்றுதான் சொல்லி லீவு போட்டிருந்தார். “நம்ம வண்டி கியருக்குக் குடல் என்ன, ஈரலே இறங்கும்,” என்று அத்தனை பேரையும் சிரிக்க வைத்தவர் அந்தக் கண்டக்டர்.

அவர் யூனிபார்மோடு மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். “ஏய்யா, துணைக்கு ஆள் வேணும்னு நேத்தே சொன்னா வாயில இருக்கிற முத்து கொட்டிடுமா?” என்று படிவத்தை வாங்கினார். மேல்வரியில் என்ன ஆபரேஷன் என்று எழுதியிருந்தது. டிரைவர் தரையைப் பார்த்தார். கண்டக்டர் அதை இரண்டு தடவை படித்தார். எந்த நெரிசலிலும் வாய் ஓயாத மனிதர், காதில் செருகியிருந்த பேனாவை எடுத்து, உறவுமுறை என்ற கட்டத்தில் ‘அண்ணன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

“மேல தங்கச்சியோடதையும் குடும்மா.” அதிலும் ‘அண்ணன்’ என்றே எழுதினார்.

“சார், புருஷனுக்கும் அண்ணன், பொண்டாட்டிக்கும் அண்ணனா?”

“அட ஆமா. அப்போ இவனுக்கு மச்சான்னு மாத்திடுறேன்,” என்று முதல் தாளில் அடித்து எழுதினார். டிரைவருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்த வேகத்திலேயே கண்ணும் நிறைந்தது.

மயக்கம் தெளிந்து டிரைவர் விழித்தபோது கண்டக்டர் கட்டிலருகே இருந்தார். “தங்கச்சி நல்லா இருக்கு. ஒம்போது முட்டையாம். உன்னைக் கேட்டுச்சு, வண்டிய ஓரங்கட்டித் தூங்குறான்னு சொன்னேன்.”

அவரிடமிருந்து எடுத்த சதையை ஆய்வகத்தில் இழை இழையாகப் பிரித்துத் தேடிக்கொண்டிருந்தார்கள். மதியம் போயிற்று. கண்டக்டர் நாலைந்து தடவை மாடிக்கு ஏறி இறங்கினார். அவள் கஞ்சி குடித்ததை இங்கே சொன்னார், இவர் புரண்டு படுத்ததை அங்கே சொன்னார். பக்கத்தில் ஆள் இருந்தும், அந்தத் தவிப்பில் டிரைவர் தனியாகத்தான் இருந்தார். ஒன்று போதும் கடவுளே, ஒன்றே ஒன்று என்று அவர் மனசுக்குள் கேட்டுக்கொண்டிருந்தார்.

நாலு மணிக்கு ஆய்வகப் பெண் தானே இறங்கி வந்தாள். மைக்ராஸ்கோப் அழுத்திய தடம் கண்ணைச் சுற்றிச் சிவந்திருந்தது.

“சார், மூணு பேர் மாத்தி மாத்திப் பார்த்தோம். ஒரு துணுக்கு விடல. கிடைக்கல சார். போன்ல சொல்ல மனசு வரல. அவங்க முட்டைய உறைய வெச்சிருக்கோம்.”

டிரைவர் அவள் கண்ணைப் பார்த்தார். “உனக்குக் கண்ணு ரொம்ப வலிச்சிருக்கும்மா,” என்றார். அவள் தலையைக் குனிந்துகொண்டு போனாள். கேட்டது கிடைக்காத நாளிலும் கடவுள் ஆளை அனுப்பாமல் இருப்பதில்லை. ஆனால் அது புரிகிற நேரம் அவருக்கு இன்னும் வரவில்லை.

“நான் போய்ச் சொல்லட்டுமா?” என்றார் கண்டக்டர்.

“வேண்டாம்ணே. இத நான்தான் சொல்லணும்.”

காலை அகட்டி வைத்து, சுவரைப் பிடித்துப் படியேறினார். கண்டக்டர் வார்டு வாசல் வரை முழங்கையைத் தாங்கி வந்து, வெளியிலேயே நின்றுகொண்டார்.

மனைவி அவர் முகத்தைப் பார்த்தாள். கேட்க வேண்டியது ஒன்றும் இருக்கவில்லை. போர்வையை ஒதுக்கி இடம் விட்டாள்.

“நின்னா வலிக்கும். உக்காருங்க.”

“ஒண்ணுகூட இல்லையாம்.”

“ம்.” அவர் முதுகுக்குத் தலையணையை நகர்த்தி வைத்தாள். பிறகு, “நடந்தா வந்தீங்க?” என்றாள்.

“அண்ணன் பிடிச்சுட்டு வந்தாரு. வெளிய நிக்கிறாரு.”

“அவருக்கு எல்லாம் தெரியுமா?”

“தெரியும்.”

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“உள்ள கூப்பிடுங்க. காலைலேர்ந்து ஏறி இறங்கிட்டு இருக்காரு. சாப்பிட்டாரோ என்னவோ.”