கையில் வராத கல்

பாவாடை பத்தொன்பது வருடம் பள்ளிக்கூட வேன் ஓட்டியவர். சாரம் பகுதியில் அவர் ஹாரன் சத்தம் கேட்ட பிறகுதான் சில வீடுகளில் பிள்ளைகளுக்கு ஷூவே மாட்டுவார்கள். குடியை அவர் தொட்டதில்லை. புதுச்சேரியில் பிறந்து வளர்ந்த ஆம்பிளையா நீ என்று கூட்டாளிகள் கேலி பேசினால் சிரித்துக்கொண்டு போய்விடுவார்.

போன ஆடியில் அவர் கண் மஞ்சளானது. மூத்திரம் டிகாக்ஷன் மாதிரி போனது. கீழாநெல்லி அரைத்துக் குடித்தார், கேட்கவில்லை. வலது விலாவுக்குக் கீழே வலி வரும்போதெல்லாம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி பல்லைக் கடித்துக்கொள்வார். ஒருநாள் அந்த வலியில் வண்டி லேசாக ஓரம் இழுத்துவிட்டது. மறுநாள் காலை மேனேஜர் கோபிநாத் சாவியை வாங்கிக்கொண்டார்.

"பெத்தவங்க பயப்படுறாங்கண்ணே. குடிய விட்டுட்டு வாங்க, பாக்கலாம்."

"நான் குடிக்கிறதே இல்ல சார்."

கோபிநாத் அவர் கண்ணைப் பார்த்தார். சாவியை டிராயரில் போட்டு மூடினார்.

அந்த வாரமே குளிர்காய்ச்சல் தூக்கிப் போட்டது. மனைவி தனக்கொடி அவரைக் கோரிமேட்டுப் பெரியாஸ்பத்திரிக்கு ஆட்டோவில் கொண்டுபோனாள். ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா சொன்னார்: "பித்தக்குழாய்ல மூணு கல்லு அடைச்சிக்கிட்டு இருக்கு. அதான் மஞ்சக்காமாலை. வயித்தக் கிழிக்க வேணாம், வாய் வழியா குழாய் விட்டு எடுத்துடலாம்."

"குடியால வந்தது இல்லையா டாக்டர்?" என்று தனக்கொடி கேட்டாள்.

"குடிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா."

தனக்கொடி தலையைக் குனிந்துகொண்டாள். இருந்த வலியில் பாவாடை அதைக் கவனிக்கவில்லை.

கல்லை எடுத்து மயக்கம் தெளிந்ததும் அவர் கேட்ட முதல் வார்த்தை, "அந்தக் கல்லக் குடுங்கம்மா, பள்ளிக்கூடத்துல காட்டணும்."

"குடல்ல தள்ளி விட்டுட்டோம் ஐயா, தானா வெளிய போயிடும். பித்தம் எறங்க உள்ள சின்னதா ஒரு குழாய் வச்சிருக்கோம். ஆறு வாரம் கழிச்சி வாங்க, எடுத்துடலாம்."

கையில் கிடைத்தது ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்த காகிதம்தான். கண்ணில் மஞ்சள் போனதும் அதை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனார். கோபிநாத் ஒரு வரி விடாமல் படித்தார்.

"வேற ஆளு போட்டாச்சேண்ணே. நான் என்ன பண்ணுவேன்? உங்க வூட்டுலேந்தே போன் பண்ணி சொன்னா நம்பாம இருக்க முடியுமா?"

"எங்க வூட்டுலேந்தா?"

"அண்ணிதான். திருட்டுத்தனமா குடிக்கிறாரு, வண்டியக் குடுக்காதீங்கன்னு அழுதாங்க."

வீட்டுக்கு வந்து கேட்டபோது தனக்கொடி மறுக்கவில்லை. "எங்கண்ணன் குடிச்சுக் குடிச்சு இதே மஞ்சக் கண்ணோடதான செத்தான். வண்டி நெறைய புள்ளைங்க. ஏதாவது ஆயிருந்தா?"

"என்னை ஒரு வார்த்த கேட்டியா?"

"கேட்டா இல்லன்னுதான் சொல்லுவீங்க. அவனும் அப்படித்தான் சொன்னான்."

வண்டியில் வரும் பிள்ளைகளை நினைத்தால் அவள் செய்தது சரி என்றே அவருக்குப் பட்டது. இருபத்தாறு வருடம் கூட வாழ்ந்ததை நினைத்தால் நெஞ்சு எரிந்தது. அன்றோடு அவளிடம் பேச்சை விட்டார்.

ஆறாவது வாரம், உள்ளே வைத்த குழாயை எடுக்க, அவளிடம் சொல்லாமல் பஸ் ஏறிக் கோரிமேடு போனார். நர்ஸ் சீட்டை வாங்கிக்கொண்டு, "கூட யாரு வந்திருக்காங்க?" என்றார்.

"யாரும் இல்ல."

"மயக்க மருந்து குடுக்கணுமே. சொந்தக்காரங்க கையெழுத்து வேணும். வூட்டுல யாரும் இல்லியா?"

பாவாடை வெளியே வந்து வெகுநேரம் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு போட்டார். "கோரிமேட்டுல இருக்கேன். கையெழுத்து போடணுமாம். வா."

அவள் அழத் தொடங்கியது கேட்டது. வைத்துவிட்டார்.

அரைமணியில் தனக்கொடி வந்தாள், கையெழுத்துப் போட்டாள், பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தாள். உள்ளே கூப்பிட்டார்கள். வாட்ச், மோதிரம் எல்லாம் கழற்றச் சொன்னபோது அவள் கையை நீட்டினாள். அவர் கழற்றியதை நர்ஸிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.